பாடி வரைக்கும் போய் ஒரு பேக்கிங்

ஷெட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் வேலை பழகிய டில்லி கேட்டான். நாலு வார்த்தையோடு நிறுத்த எனக்குத் தெரியாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்டுவிட்டான், அனுபவியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் கோமளா. பூந்தமல்லி – ஆவடி சாலையில் நீங்கள் இப்போது நிற்கிற இதே ஷெட்டில், சேற்றிலும் பாறையிலும் ஏறி இறங்குகிற ஜீப்புகளுக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புதுக் கஸ்டமர் யாராவது வந்து, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்று என்னிடமே கேட்பார். "கீறாரு சார், கை கழுவினு வருவாரு" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு, பின்பக்கம் போய்க் கை கழுவிக்கொண்டு நானே திரும்பி வந்து நிற்பேன். அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே இன்னும் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கலாம்.

டேப்பெட் எப்படி அட்ஜஸ்ட் செய்வது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அதை உங்கள் ஃபோனுக்குள் ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வால்வுக்கும் அதை அழுத்துகிற ராக்கருக்கும் நடுவில் காகிதக் கனத்துக்கு ஒரு சந்து விட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். சந்து கூடிப் போனால் சத்தம் போடும். குறைந்து போனால் சத்தமே இருக்காது. ஆனால் சூட்டில் இரும்பு நீளும்போது வால்வு முழுசாக மூடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிப் போகும். நம்மிடம் வரும் பழைய டீசல் ஜீப்புகளில் அந்தச் சந்தை இஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும். தொட்டால் கைக்குச் சில்லென்று இருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். இஞ்சின் ஆறும், கஸ்டமர் ஆறமாட்டார். வண்டியைக் கொதிக்கக் கொதிக்க ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "அரை மணியில முடிச்சிடலாம்ல?" என்பார். முடியாது என்றால் அடுத்த ஷெட்டுக்குப் போவார். அங்கே ஒருத்தன் முடித்தும் கொடுப்பான்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் எங்கள் பழைய மேஸ்திரி. அவர் பெயரை எழுதமாட்டேன். பாடியில் இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அவர் அனுப்பிய ஆட்கள் இன்னும் இந்தப் பக்கம்தான் குடியிருக்கிறார்கள். அவர் செய்தது இதுதான்: வண்டியின் பானெட்டைத் திறப்பார், உச்சுக் கொட்டுவார், "டேப்பெட் கவர் பேக்கிங் போய்ட்டுது சார். நம்மகிட்ட ஸ்டாக் இல்ல. பாடியில நம்ம பாய் கடையில கிடைக்கும், ஒரு எட்டு போய் வாங்கினு வந்துடுங்க" என்பார். வால்வுகளை மூடியிருக்கும் அந்தக் கவரைக் கழற்றினால், ஆயில் கசியாமல் இருக்க அடியில் புதுப் பேக்கிங் போடத்தான் வேண்டும், அதில் பொய் இல்லை. ஸ்டாக் இல்லை என்பதுதான் பொய். பேக்கிங் பின்சுவரில் ஆணியில் தொங்கும். அதன் மேல் டில்லியின் சட்டை தொங்கும்.

கஸ்டமர் திருவேற்காடு வரை ஒரு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து இன்னொன்று என்று மாறி மாறிப் பாடி போய்ச் சேர்வதற்குள் பாய்க்கு இங்கிருந்து ஒரு மிஸ்டு கால் போயிருக்கும். பாய் உடனே எடுத்துத் தந்துவிடுவாரா என்ன? "குடோன்ல கீது சார், பையன் போயிருக்கான், ஒரு டீ சாப்டுங்க" என்பார். கஸ்டமர் திரும்பி வருவதற்குள் ஆணியில் இருந்த பேக்கிங் அவர் வண்டியில் ஏறத் தயாராக இருக்கும். அவர் வாங்கி வந்தது அடுத்த ஆளுக்காக ஆணிக்குப் போகும். அந்த ஆணி காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

இந்தத் தந்திரம் ஒரே ஒரு நாள் மாட்டிக்கொண்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

ஐயப்பன்தாங்கலில் அபார்ட்மெண்டில் இருக்கும் கார்த்திக் என்ற ஐ.டி. கம்பெனிக்காரர் ஒரு சனிக்கிழமை காலையில் பழைய ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். ஆயில் மாற்றி, வாஷ் செய்து கொடுங்கள் என்றார். வண்டி பளபளவென்று இருந்தது. புது சீட் கவர், புது மேட், ஸ்டியரிங்குக்குக் கூட உறை. டில்லி அதைச் சுற்றி வந்து, இஞ்சின் பக்கம் காதைக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்தான்.

"இன்னாக்கா, வண்டி ஊமையா கீது?"

எனக்கும் அதுதான் உறைத்தது. அந்த வயசு டீசல் இஞ்சின் டிக்டிக்கென்று எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இது தியானத்தில் உட்கார்ந்த மாதிரி ஓடியது. கேட்டதும் கார்த்திக்கின் முகம் மலர்ந்தது.

"நான்தான் மேடம் சரி பண்ண வச்சேன். முன்னாடி ஒரே டேப்பெட் சத்தம். பார்க்கிங்ல எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. மெயின் ரோட்ல ஒரு மெக்கானிக் சத்தமே இல்லாம பண்ணிக் கொடுத்துட்டார். எல்லாம் மாமாவுக்காகத்தான்."

மாமா என்றால் மாமனார். போடியில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர். இது அவருடைய ஜீப். கார்த்திக் செய்தது காதல் கல்யாணம். அன்றிலிருந்து மாமனார் மாப்பிள்ளையோடு பேசுவதில்லை, வீட்டுக்கும் கூப்பிட்டதில்லை. மகளுக்கு, அந்த ஜீப்பிலேயே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவளுக்கு, வார இறுதியில் தோழிகளோடு கல்குவாரிப் பக்கம் சேற்றில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. மகள் கேட்டால் மறுக்க முடியுமா? வண்டியை அனுப்பினார். அனுப்பும்போது, "அவரை வண்டிய பத்திரமா பாத்துக்கச் சொல்லு" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் எனக்குன்னு அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான் மேடம்" என்றார் கார்த்திக். "ஏலக்காய் சீசன் ஆரம்பிக்குது. இன்னைக்கு மத்தியானம் வந்து இங்கிருந்தே வண்டிய எடுத்துட்டுப் போறார். சத்தத்தைக் கேட்டு, இல்ல, சத்தம் இல்லாததைக் கேட்டு சந்தோஷப்படுவார்ல?"

நான் வண்டியை எடுத்துக்கொண்டு மேம்பாலம் வரை போனேன். ஏற்றத்தில் அது மூச்சு வாங்கியது. பாலத்திலேயே இப்படி என்றால் தோட்டத்து ஏற்றத்தில், ஏலக்காய் மூட்டையோடு? வால்வு கருகும், வண்டி மலையில் நிற்கும், மாமனார் யாரைத் திட்டுவார் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டாம்.

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அவர் கேட்டது ஆயிலும் வாஷும். அதைச் செய்து கொடுத்தால் சிரித்துக்கொண்டே போயிருப்பார். கேட்காத வேலையில் கை வைக்காதே என்று டில்லிக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் கேட்காத வேலையைச் செய்வது வேறு, தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது வேறு. திரும்பி வந்து சொன்னேன்.

"சார், டேப்பெட்ட ரொம்ப டைட் வச்சிருக்காங்க. லூஸ் பண்ணணும். கொஞ்சம் சத்தம் வரும்."

மனிதர் பதறிவிட்டார். "ஐயோ, சத்தம் வேண்டாம் மேடம்! நான்தான் வண்டியக் கெடுத்துட்டேன்னு நினைப்பார்!"

"உங்க மாமனார் இந்த வண்டிய எத்தினி வருசமா ஓட்டறாரு?"

"என் வொய்ஃப் பொறக்கறதுக்கு முன்னாடியிலிருந்து."

"அப்பல்லாம் சத்தம் இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

"அந்தச் சத்தம் புடிக்கலன்னு அவரு எப்பனா சொன்னாரா? இல்ல அபார்ட்மெண்ட்டுக்காரங்கதான் சொன்னாங்களா?"

கார்த்திக் சீட் கவரைத் தடவினார். பிறகு, "சரி மேடம், பண்ணிடுங்க. ஆனா இப்பவே. யூடியூப்ல சூட்டோடவே பண்றாங்க" என்றார்.

நான் பானெட்டைத் திறந்தேன். உச்சுக் கொட்டினேன். கார்த்திக் பாடிக்குக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் பெரிய ஃபேனை இஞ்சின் பக்கம் திருப்பி வைத்தோம். ஈரச் சாக்கைப் போடலாமா என்றான் டில்லி. கொதிக்கிற இரும்பில் தண்ணீர் படக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அவனைத் திட்டி டீ வாங்கி வர அனுப்பினேன். அவனும் போனான். பனியனோடு ரோட்டில் போக முடியுமா? சட்டையைப் போட்டுக்கொண்டு போனான்.

டில்லி அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு பை, கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. பையிலிருந்து வந்த ஏலக்காய் வாசனையே ஆள் யார் என்று சொல்லிவிட்டது. மத்தியானம் வர வேண்டிய மனிதர்.

"வண்டி எங்க தாயி? மாப்ள எங்க?"

"பேக்கிங் வாங்கப் பாடிக்குப் போயிருக்காரு ஐயா. உக்காருங்க, டீ வருது."

"உக்கார வரல. நேத்து எம்மக ஃபோன்லருந்து எனக்கு ஒண்ணு வந்துச்சு. வண்டி ஓடுற சத்தமாம். மாப்ள புடிச்சு அனுப்பச் சொன்னாராம். வச்சுக் கேக்குறேன், சத்தத்தவே காணோம்! எனக்கு நெஞ்சு பக்குன்னு போச்சு. ராத்திரியே பஸ் ஏறிட்டேன். அந்தக் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டு, அங்கருந்து ரெண்டு பஸ்சு, ஒரு ஆட்டோ. பத்திரமா பாத்துக்கன்னு சொன்னா டேப்பெட்ட நெரிச்சு வச்சிருக்காரு. வரட்டும். நாலு வார்த்த நறுக்குன்னு கேட்டுட்டு, வண்டிய எடுத்துக்கிட்டு நான் போயிக்கிட்டே இருக்கேன்."

கார்த்திக்கின் முகம் கண் முன்னால் வந்தது. கல்யாணமானதிலிருந்து ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிற மனிதனுக்கு முதல் வார்த்தையாகக் கிடைக்கப் போவது திட்டா? அதுவும் ஆசை ஆசையாகச் செய்ததற்கு? இஞ்சினாவது ஃபேன் காற்றில் ஆறிக்கொண்டிருந்தது. இவரை ஆற்ற என்னிடம் ஃபேன் இல்லை. கையில் இருந்தது ஒரே ஒரு வித்தைதான்.

"ஐயா, ஒரு சிக்கல்" என்றேன். "உங்க இஞ்சினுக்கு எந்தப் பேக்கிங்குன்னு மாப்ளைக்குத் தெரியாது. மாத்தி வாங்கினு வந்துடுவாரு. நீங்க போனீங்கன்னா பார்த்தவுடனே எடுத்துடுவீங்க. பாடிதான், ஒரு எட்டு..."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலாகப் பின்சுவரைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். ஆணியில் டில்லியின் சட்டை இல்லை. புத்தம் புதுப் பேக்கிங் ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் மெதுவாக நடந்து போய், டேப்பெட் கவர் மேல் உள்ளங்கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார். மறுபடி ஆணியைப் பார்த்தார். பூந்தமல்லி பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

"எங்கூர்ல தேனிக்கு அனுப்புவாய்ங்க" என்றார்.

"ஐயா?"

"போடியில வண்டிய விட்டா, பேக்கிங் இல்ல, தேனிக்குப் போயி வாங்கிட்டு வாங்கன்னுவான் எங்க மெக்கானிக்கு. எத்தன வருசமா தேனி ரோட்டுப் புழுதியத் தின்னுருக்கேன் தெரியுமா? ஒரு நாளு பாதி வழியில திரும்பி வந்து பாத்தா, பயபுள்ள பேக்கிங்க சேர்ல போட்டு அது மேல உக்காந்திருக்கான்!"

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன், பாதி பயத்தில். டீ கிளாஸ்களோடு வந்த டில்லி ஆணியைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான், அப்படியே வாசலில் நின்றுவிட்டான்.

சிரிப்பு அடங்கியதும் நான் துணிந்து சொன்னேன். "ஐயா, அவரு உங்களுக்காகத்தான் சத்தத்த நிறுத்த வச்சாரு. சீட் கவர் பாருங்க, மேட் பாருங்க. நீங்க சொன்ன ஒரு வார்த்தைய வச்சினு வண்டிய குழந்த மாதிரி பாத்துனு கீறாரு. திட்டறதுன்னா திட்டுங்க. ஆனா இஞ்சின் ஆறினப்புறம் திட்டுங்க."

அவர் ஜீப்பைச் சுற்றி வந்தார். ஸ்டியரிங் உறையை விரலால் நெருடிப் பார்த்தார். டீயைக் குடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பாடிக்கு எப்புடிப் போகணும்?" என்றார்.

அவர் ஷேர் ஆட்டோ ஏறியதும் பாய்க்கு மிஸ்டு கால் போதவில்லை, பேசவே பேசினேன். "பாய், கண்ணாடி போட்ட சார் அங்க நிக்கறாரா? உடாதே. வேட்டி கட்டின பெரியவரு ஒருத்தர் வந்துகினு கீறாரு. அவரு வந்தப்புறம் ரெண்டு பேரையும் சேத்து அனுப்பு."

"ரெண்டு பேக்கிங்கா?" என்றார் பாய்.

"ஒண்ணு போதும். ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு வாங்கட்டும்."

நடுவில் என்ன நடந்தது என்று எனக்கு முழுசாகத் தெரியாது. பாய் சொன்னது கொஞ்சம், கார்த்திக் சொன்னது கொஞ்சம். கடை வாசலில் மாமனாரைப் பார்த்ததும் கார்த்திக் கையிலிருந்த டீயைச் சிந்திவிட்டாராம். மாமனார் பேக்கிங்கை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுதான்" என்றாராம். திரும்பி வரும்போது பாடி மேம்பாலத்துக்குக் கீழே லாரிகளுக்கு நடுவில் ஆட்டோ நகரவே இல்லை. பின்சீட்டில் முட்டி இடிக்க இரண்டு பேர். எவ்வளவு நேரம்தான் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள்? கார்த்திக்தான் முதலில் வாயைத் திறந்திருக்கிறார். "மாமா, சத்தத்தை நிறுத்தினது நான்தான். தப்பாம். மன்னிச்சுக்கங்க." அதற்கு மாமனார், "நானும் ஒரு தடவ நிறுத்துனேன். புது மாப்ளயா இருந்தப்ப, எங்க மாமனாரு வண்டியில" என்றாராம். உண்மையா, அந்த நேரத்துக்குச் சொன்னதா, கடவுளுக்கும் போடிக்கும்தான் தெரியும்.

இருவரும் வந்து இறங்கியபோது இஞ்சின் சில்லென்று இருந்தது. டில்லி ஒரு நல்ல காரியம் செய்திருந்தான். சட்டையைக் கழற்றிப் பழையபடி ஆணியில் மாட்டியிருந்தான். கார்த்திக் பேக்கிங்கை இரண்டு கையாலும் பூஜைப் பொருள் மாதிரி நீட்டினார். மாமனார் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கியதில் உதடு மட்டும் துடித்தது.

வேலை நடந்தது. அவசரப்படாமல், ஒவ்வொரு வால்வாக, சந்தை அளக்கிற ஃபீலர் கேஜ் தகடு வெண்ணெயில் கத்தி போவதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக வருகிற அளவுக்கு வைத்தேன். கவரை மூடினோம். டில்லி சாவியைத் திருப்பினான்.

டிக் டிக் டிக் என்று ஆரம்பித்தது. கார்த்திக் தோளைக் குறுக்கிக்கொண்டு மாமனாரைப் பார்த்தார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றேன்.

"இப்பத்தான் நம்ம வண்டி" என்றார்.

டில்லி இறங்கி, டிரைவர் சீட்டைப் பெரியவருக்குக் காட்டினான். அவர் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார். பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, யாரிடமோ சொல்வது மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ராத்திரியெல்லாம் தூங்கல. என்னால ஓட்ட முடியாது. நீங்கதான் ஓட்டணும் மாப்ள. போற வழியில அவளையும் ஏத்திக்கிருவோம். வீட்ல உங்க அத்தைட்ட சொல்லிட்டேன், நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவோம்னு."

கார்த்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு ஏறினார். முதல் கியரில் இஞ்சின் ஆஃப் ஆனது. இரண்டாவது தடவை வண்டி டிக்டிக்கென்று பேசிக்கொண்டே வாசலைத் தாண்டியது. எனக்குக் கண் கலங்கியது என்று டில்லி உங்களிடம் சொல்லியிருப்பான். உண்மைதான். டீசல் புகை என்று அன்றைக்குச் சொன்னேன்.

இதில் உங்களுக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள். சத்தமில்லாத இஞ்சினைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். எவ்வளவு நெருக்கினாலும் சூட்டில் அளக்காதீர்கள். கொதித்துக்கொண்டு வருகிற மனிதரிடமும் உடனே நியாயம் பேசாதீர்கள். முதலில் ஒரு டீ, பிறகு ஒரு ஷேர் ஆட்டோ.

கடைசியாக ஒன்று. ஓய்வு பெற்றபின் நான் வாங்கிய பழைய ஜீப்பைப் போன வாரம் உங்களிடம் கொண்டுவந்தேன். நான் யார் என்று தெரியாமல் உங்களில் ஒரு பெண் பானெட்டைத் திறந்து பார்த்தாள், அழகாக உச்சுக் கொட்டினாள். "பேக்கிங் ஸ்டாக் இல்ல மேடம். பாடி வரைக்கும் போய்ட்டு வந்துடறீங்களா?" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்புக் கூட இல்லை. நானும் கிளம்பிப் பாடிக்குப் போனேன். பாய் கடையில் டீ கொடுத்தார்கள். ஆட்டோவில் ஒரு அம்மாவோடு பேசிக்கொண்டே திரும்பினேன். வேலை சுத்தம், வண்டி நன்றாகப் பேசுகிறது.

ஒரே ஒரு குறை. ஆணியில் மாட்டியிருந்த சட்டைக்குக் கீழே பேக்கிங்கின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. இனிமேல் கொஞ்சம் பெரிய சட்டையாக மாட்டுங்கள்.